வைரச் சாணைக்கல்லில் கத்தி, உளி, இழைப்புளித் தகடு தீட்டும் முறை: பிசிறைப் பார்த்துக் கல்லை மாற்றுங்கள்

தீட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்களைப் பக்கத்தில் இருந்து கவனித்ததில் எனக்கு ஒன்று தெளிவாகப் புரிந்தது. அவர்கள் உழைப்பில் குறை வைப்பதில்லை. கல்லை மாற்றும் நேரத்தில்தான் தவறுகிறார்கள். சொரசொரப்பான கல்லில் வேலை முடிவதற்குள் அடுத்த கல்லுக்குப் போய்விடுகிறார்கள். பிறகு மென்கல்லில் அரை மணி நேரம் உரசியும் கூர் வருவதில்லை. பொறுமை போய் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் கல்லும் கெட்டுப்போகிறது.

எப்போது கல்லை மாற்றலாம் என்பதைச் சொல்ல ஓர் அடையாளம் இருக்கிறது. அதுதான் பிசிறு. ஒரு பக்கத்தைத் தீட்டும்போது விளிம்பின் மறுபக்கம் மடங்கி எழும் மெல்லிய எஃகு அது. அதற்கு வருமுன் சில ஆயத்தங்கள்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

மூன்று கற்கள் போதும். மைக்ரான் என்பது வைரத் துகளின் அளவு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), கிரிட் என்பது துகள் எவ்வளவு நுண்ணியது என்று காட்டும் எண். சொரசொரப்பானது ஏறத்தாழ 45 மைக்ரான் (சாதாரணமாக 325 கிரிட் என்று போட்டிருக்கும்), நடுத்தரம் 25 மைக்ரான் (600 கிரிட்), மென்மையானது 9 மைக்ரான் (1200 கிரிட்). கிரிட் எண்ணை ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு கணக்கில் எழுதுகிறார்கள். அதனால் மைக்ரான் அளவு கொடுத்திருந்தால் அதைப் பார்த்து வாங்குவது நல்லது. இரண்டுதான் வாங்க முடியும் என்றால் நடுத்தரத்தை விட்டுவிடுங்கள். மென்கல்லில் கொஞ்ச நேரம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான்.

கடைசி மெருகுக்கு ஒரு தோல் வார். நேரான பலகையில் தோலை ஒட்டி, பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு மெருகுக்கட்டியைத் தேய்த்து வைத்தால் போதும்.

கூடவே தெளிப்புப் புட்டியில் தண்ணீர், அதில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். பருத்தித் துணி, அழியாத மையுள்ள மார்க்கர் பேனா, ஸ்டீல் ஸ்கேல், மூலைமட்டம். ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக வெளிச்சம் விழும்படி விளக்கு. இந்த விளக்கைத்தான் பலரும் அலட்சியம் செய்கிறார்கள். உச்சியிலிருந்து விழும் வெளிச்சத்தில் கீறலும் தெரியாது, மழுங்கிய இடமும் தெரியாது.

தண்ணீர் எதற்கு? உரசும்போது உதிரும் இரும்புத் தூளை மிதக்க வைத்து அப்புறப்படுத்த. தூள் வைரத் துகள்களுக்கு இடையே அடைத்துக்கொண்டால் கல் வழுக்கும், வெட்டாது. எண்ணெய் வேண்டாம், தூளோடு சேர்ந்து பசையாகி அடைப்பைத்தான் கூட்டும்.

கல்லைக் கையில் பிடித்துக்கொண்டு தீட்டாதீர்கள். அடியில் ஈரத்துணியோ ரப்பர் விரிப்போ போட்டு, முன்பக்கம் ஒரு கட்டையை முட்டுக்கொடுங்கள். கல் அசைந்தால் கோணம் மாறும். அதைவிட முக்கியமாக, கை வெட்டுப்படும்.

2. புதுக் கல்லைப் பழக்குதல்

பெரும்பாலான வைரக்கற்கள் உண்மையில் கல் அல்ல. எஃகுத் தகட்டின் மேல் வைரத் துகள்களைப் பரப்பி, நிக்கல் முலாம் பூசிப் பிடிக்க வைத்திருப்பார்கள். இருப்பது ஒரே ஓர் அடுக்கு. மற்றச் சாணைக்கற்களில் மேலடுக்கு தேய்ந்தால் அடியிலிருந்து புதுத் துகள் வெளிவரும். இங்கே பிடுங்கிக்கொண்டு போன துகளுக்கு மாற்று கிடையாது. இந்தக் கட்டமைப்பை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற விதிகளெல்லாம் தாமாகப் புரியும்.

புதுத் தகட்டில் சில துகள்கள் மற்றவற்றைவிட உயரமாக நிற்கும், சில சரியாகப் பிடிக்காமல் இருக்கும். அதனால் முதல் சில தடவைகள் தகடு வெறித்தனமாக வெட்டும், ஆழமான கீறல்களை விடும். ஐந்தாறு கருவிகளைத் தீட்டிய பிறகு அந்த வேகம் அடங்கி, ஒரே சீரான வெட்டு வரும். பலர் இந்தக் கட்டத்தில் கல் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டி அழுத்தத்தைக் கூட்டுகிறார்கள். கல் தேயவில்லை. இப்போதுதான் அது வேலைக்குத் தயாராகியிருக்கிறது.

பழக்குவதற்குப் பழைய இழைப்புளித் தகடு ஒன்றின் தட்டைப் பக்கத்தை, தண்ணீர் தெளித்து, கல்லின் எல்லாப் பகுதியிலும் லேசாக ஓட்டுங்கள். நல்ல உளியைப் புதுச் சொரசொரப்புக் கல்லில் முதலில் வைக்க வேண்டாம். அந்த ஆழக் கீறல்களை எடுக்க ஒரு மாலைப்பொழுதே போய்விடும்.

3. எவ்வளவு அழுத்துவது

தட்டுத் தராசு ஒன்றின் மேல் கல்லை வைத்து, முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, தீட்டுவதுபோல அழுத்திப் பாருங்கள். முதல்முறை செய்பவர்கள் மூன்று, நான்கு கிலோ காட்டுவது சர்வ சாதாரணம். சொரசொரப்புக் கல்லில் ஒரு கிலோவுக்குள்ளும், மென்கல்லில் கால் கிலோ அளவிலும் நிறுத்தப் பழகுங்கள். வைரம் தானாக வெட்டும். கையின் வேலை கோணத்தைப் பிடித்திருப்பது மட்டும்தான்.

குறுகிய உளிக்கு இன்னும் குறைவு. 6 மில்லிமீட்டர் உளியும் 50 மில்லிமீட்டர் இழைப்புளித் தகடும் ஒரே எடையில் அழுத்தப்பட்டால், உளியின் கீழ் இருக்கும் துகள் எட்டு மடங்குக்கு மேல் சுமக்கிறது. கல்லின் நடுவில் மட்டும் வெட்டு குறைந்துபோன தகடுகளைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் குறுகிய உளியை ஒரே தடத்தில் அழுத்தி ஓட்டியதன் விளைவு அது. தடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள், ஓரங்களையும் பயன்படுத்துங்கள்.

4. எந்தக் கல்லில் தொடங்குவது

கூர்விளிம்பை மேல்நோக்கி, விளக்கை நேராகப் பார்க்கும்படி பிடியுங்கள். கூரான விளிம்பு ஒளியைத் திருப்பாது, கண்ணுக்கே தெரியாது. மழுங்கிய இடம் மெல்லிய வெள்ளைக் கோடாக மின்னும். சின்னப் பல் விழுந்திருந்தால், அதாவது விளிம்பில் ஒரு சிறு துண்டு உடைந்திருந்தால், புள்ளியாக மின்னும்.

கோடு மிக மெல்லியதாக இருந்தால் மென்கல்லிலேயே தொடங்கலாம். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் கோடு என்றால் நடுத்தரம். பல் விழுந்திருந்தால் மட்டும் சொரசொரப்புக் கல். தேவைக்கு மேல் கரடுமுரடான கல்லில் தொடங்கினால், அந்தக் கல் போட்ட கீறலை எடுப்பதற்காகவே பின்னால் உழைக்க வேண்டியிருக்கும். கருவியின் ஆயுளும் வீணாகும்.

பல் ஆழமாக இருந்தால் ஒரு குறுக்குவழி உண்டு. கேட்கக் கொஞ்சம் பயமாக இருக்கும். கருவியைக் கல்லுக்குச் செங்குத்தாக நிறுத்தி, விளிம்பையே லேசாக உரசிப் பல் மறையும்வரை நேராக்கிவிடுங்கள். இப்போது விளிம்பு முழுக்க ஒரே வெள்ளைக்கோடு இருக்கும். பிறகு சாய்வை, அதாவது விளிம்பை நோக்கிச் சரிந்து இறங்கும் பரப்பை, தீட்டும்போது அந்தக் கோடு எங்கே மறைகிறது, எங்கே மிச்சமிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து வேலை செய்யலாம். கண்மூடித்தனமாகத் தேய்ப்பதைவிட இது வேகமானது.

5. கோணத்தைப் பிடித்தல்

சமையலறைக் கத்திக்குப் பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி. மெல்லிய, கடினமான எஃகுக்கு 15 பக்கம் போகலாம். முரட்டு வேலை பார்க்கும் கத்திக்கு 20. உளிக்கும் இழைப்புளித் தகட்டுக்கும் முதன்மைச் சாய்வு 25 டிகிரி, நுனியில் மட்டும் 30 டிகிரியில் ஒரு சிறு சாய்வு.

கத்திக் கோணத்தை அளக்கக் கருவி வேண்டியதில்லை. கூர்விளிம்பிலிருந்து முதுகு வரையுள்ள அகலத்தை ஸ்கேலில் அளந்துகொள்ளுங்கள். முதுகின் நடுக்கோடு கல்லிலிருந்து அந்த அகலத்தில் கால் பங்கு உயரத்தில் நின்றால் ஏறத்தாழ 15 டிகிரி. மூன்றில் ஒரு பங்கு என்றால் ஏறத்தாழ 20. 44 மில்லிமீட்டர் அகலக் கத்திக்கு 11 மில்லிமீட்டர் உயரம். அந்த உயரத்துக்கு ஒரு மரத்துண்டைச் சீவிக் கல்லின் ஓரத்தில் வைத்து, ஒவ்வொரு முறை கத்தியைக் கல்லில் வைக்கும்போதும் அதைத் தொட்டு உயரத்தைச் சரிபார்க்கலாம்.

மார்க்கர் பேனாவை இப்போது எடுங்கள். சாய்வு முழுவதும் மை பூசி, கல்லில் இரண்டே இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். மை விளிம்பில் மட்டும் அழிந்தால் கோணம் அதிகம். மேலே தோள்பட்டையில் (சாய்வு தொடங்கும் மேல்முனையில்) மட்டும் அழிந்தால் கோணம் குறைவு, நீங்கள் விளிம்பைத் தொடவே இல்லை. இந்த இரண்டாவது தவறுதான் மிகப் பரவலானது. பளபளவென்று மின்னும் சாய்வோடு, எதையும் வெட்டாத கத்தியை வைத்துக்கொண்டு பலர் தவிப்பது இதனால்தான்.

உளிக்கு ஹோனிங் கைடு (கருவியை ஒரே கோணத்தில் பிடித்து வைக்கும், உருளையுள்ள சட்டம்) பயன்படுத்துவதில் எந்தக் குறைவும் இல்லை. இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் சாதாரண வகையில், உளி 30 மில்லிமீட்டர் வெளியே நீட்டியிருந்தால் 30 டிகிரி, 40 மில்லிமீட்டர் என்றால் 25. இழைப்புளித் தகடு சட்டத்தின் மேல்பகுதியில் உட்காருவதால் அதற்கு 30 டிகிரிக்கு 38, 25 டிகிரிக்கு 50 மில்லிமீட்டர். ஒரு பலகையில் இந்த நீளங்களுக்குச் சின்னக் கட்டைகளை ஒட்டி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டாம். ஒரே கோணம் திரும்பத் திரும்பக் கிடைப்பது நேரத்தையும் எஃகையும் மிச்சப்படுத்தும்.

6. உளி: தட்டைப் பக்கம் முதலில்

கூர் என்பது இரண்டு பரப்புகள் சந்திக்கும் கோடு. ஒன்று மட்டும் வழவழப்பாக இருந்து மற்றதில் தொழிற்சாலையில் விழுந்த கீறல்கள் இருந்தால், அந்தக் கோடு ரம்பப்பல் போலத்தான் இருக்கும். ஆகவே புது உளியில் சாய்வைத் தொடுமுன் தட்டைப் பக்கத்தைச் சரிசெய்ய வேண்டும்.

முழு நீளத்தையும் தேய்க்கத் தேவையில்லை. விளிம்பிலிருந்து 20, 25 மில்லிமீட்டர் சமமாக இருந்தால் போதும். கல்லில் படுக்க வைத்து, விரல்களால் விளிம்புக்குச் சற்றுப் பின்னால் அழுத்தி, முன்னும் பின்னும் ஓட்டுங்கள். பிடியை ஒருபோதும் தூக்காதீர்கள். ஒரே ஒரு முறை தூக்கினாலும் விளிம்பு உருண்டுவிடும். அதைச் சரிசெய்ய மொத்தப் பரப்பையும் மறுபடி இறக்க வேண்டும்.

விளிம்பை ஒட்டிய பகுதி முழுக்க ஒரே மாதிரியான கீறல் வந்ததும் அடுத்த கல். 9 மைக்ரான் கல்லில் மங்கலான கண்ணாடிபோல வரும்.

இது உளியின் வாழ்நாளில் ஒரு முறை செய்யும் வேலை. அதற்குப் பிறகு தட்டைப் பக்கம் மென்கல்லையும் வாரையும் தவிர வேறெதையும் தொடக்கூடாது.

7. உளி: சாய்வும் பிசிறும்

கைடில் பூட்டி, மூலைமட்டத்தால் உளி நேராக நிற்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் தெளியுங்கள். விரல்களை நுனிக்கு அருகில் வைத்து ஓட்டத் தொடங்குங்கள். வைரத் தகட்டில் முன்னோக்கித் தள்ளுவதும் பின்னோக்கி இழுப்பதும் இரண்டுமே வெட்டும். மென்மையான நீர்க்கல்லில் (தண்ணீர் விட்டுத் தீட்டும் சாதாரணச் சாணைக்கல்லில்) முன்னோக்கித் தள்ளினால் உளி கல்லைக் கிழித்துவிடும் அபாயம் உண்டு. இங்கே அது இல்லை.

பத்துப் பதினைந்து ஓட்டத்துக்குப் பிறகு நிறுத்தி, தட்டைப் பக்கத்தில் கட்டைவிரலை வைத்து, உள்ளிருந்து விளிம்பைத் தாண்டி வெளியே செல்லும் திசையில் மெல்ல வருடுங்கள். விளிம்பின் நீளவாக்கில் ஒருபோதும் விரலை ஓட்ட வேண்டாம். நகத்தில் மாட்டுவதுபோல ஒரு மெல்லிய தடுப்பு உணர்ந்தால், அதுதான் பிசிறு. சாய்வு தேய்ந்து தட்டைப் பக்கத்தைச் சந்தித்துவிட்டது, மிச்ச எஃகு மடங்கி மறுபக்கம் எட்டிப்பார்க்கிறது என்று பொருள்.

இடது மூலையில் இருக்கிறது, நடுவில் இருக்கிறது, வலது மூலையில் இல்லை என்றால்? வேலை முடியவில்லை. அந்த மூலைமேல் சற்று விரலழுத்தம் கொடுத்துத் தொடருங்கள். முழு அகலத்திலும் பிசிறு எழும்பிய பிறகுதான் அடுத்த கல். முதல் கல்லில் எட்டாத மூலையை எந்த மென்கல்லும் எட்டாது, ஏனென்றால் அது எஃகை மிக மெதுவாகத்தான் எடுக்கும்.

அடுத்த கல்லுக்குப் போகுமுன் உளியையும் கைடின் உருளையையும் துடைத்துவிடுங்கள். ஒட்டிக்கொண்டு வரும் ஒரு சொரசொரப்பான துகள் மென்கல்லில் நீளமான கீறல் போட்டுவிடும். இரண்டாவது கல்லில் பிசிறைத் தேடுவதோடு, முந்திய கல்லின் கீறல்கள் மறைந்தனவா என்று சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். மென்கல்லுக்கு வரும்போது கோணத்தை 30 டிகிரிக்கு மாற்றிக்கொண்டால், நுனியின் ஒரு மெல்லிய கீற்றை மட்டும் தீட்டினால் போதும். முழுச் சாய்வையும் மெருகேற்ற வேண்டிய அவசியம் இல்லை.

இழைப்புளித் தகட்டுக்கும் இதே வரிசைதான், இரண்டு சேர்க்கைகளோடு. மெருகு இழைப்புக்கான தகடு என்றால், கடைசியில் இரு மூலைகளிலும் மாறி மாறி விரலழுத்தி நாலைந்து ஓட்டம் ஓட்டுங்கள். மூலைகள் மயிரிழை அளவு பின்வாங்கும், பலகையில் படிக்கட்டுபோல வரி விழாது. இன்னொன்று, தகட்டின் மேல் உட்காரும் மூடுதகட்டின் முன்விளிம்பு. அதற்கும் தகட்டுக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால், இழைப்புச் சுருள் அங்கே நுழைந்து அடைத்துக்கொள்ளும். நடுத்தரக் கல்லில் அந்த விளிம்பைச் சமமாக்குங்கள். நன்றாகத் தீட்டியும் இழைப்புளி அடைக்கிறதே என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

8. கத்தி

கத்தியில் இரண்டு பக்கமும் சாய்வு, அதோடு நுனியில் வளைவு. ஒரு பக்கத்தை மட்டும், அடியிலிருந்து நுனிவரை முழு நீளத்திலும் மறுபக்கம் பிசிறு எழும்பும்வரை தீட்டுங்கள். பிறகு திருப்பி, பிசிறு இந்தப் பக்கம் வரும்வரை மறுபக்கம். ஆரம்பத்திலேயே பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி ஓட்டினால் விளிம்பை எட்டினீர்களா என்று சொல்ல எந்த அடையாளமும் கிடைக்காது.

வளைவுக்கு வரும்போது பலர் நுனியை மழுக்கிவிடுகிறார்கள். வளைவில் கத்தியைத் திருப்பி, கல்லைத் தொடும் விளிம்பு எப்போதும் ஓட்டத் திசைக்குக் குறுக்காகவே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே முழங்கையை மெல்ல உயர்த்த வேண்டும். எவ்வளவு உயர்த்துவது என்பதை மை காட்டிக்கொடுக்கும். நுனி கல்லின் ஓரத்தைத் தாண்டி வழுக்கி விழாமல், கல்லின் மேலேயே ஓட்டத்தை முடியுங்கள்.

ரம்பப்பல் கொண்ட கத்தியைத் தட்டைக் கல்லில் வைக்காதீர்கள், பல்தான் போகும். அதற்குக் கூம்பு வடிவ வைரக்கோல் தனியாக உண்டு. பீங்கான் கத்தியை மென்மையான வைரத்தால் மட்டும் தீட்டலாம், மிகமிக லேசாக. அதில் பிசிறு எழாது. மையையும் வெளிச்சத்தையும்தான் நம்ப வேண்டும்.

9. பிசிறை எடுத்தல்

பிசிறோடு விட்ட கத்தி முதல் நாள் அற்புதமாக வெட்டும், மறுநாள் மழுங்கிப்போகும். மடங்கி நின்ற மெல்லிய எஃகு முறிந்து விழுந்து, அடியில் கிழிந்த விளிம்பை விட்டுப்போவதே காரணம்.

கத்திக்கு: மென்கல்லில், விளிம்பு முன்னே செல்லும் திசையில், பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் அழுத்தம் குறைய வேண்டும். கடைசி நாலைந்து ஓட்டத்தில் கத்தியின் சொந்த எடையே போதும். உளிக்கு: தட்டைப் பக்கத்தை மென்கல்லில் முழுமையாகப் படுக்க வைத்து இரண்டு மூன்று இழுப்பு, பிறகு சாய்வில் ஒரு இழுப்பு.

அதன்பின் வார். இங்கே எப்போதும் விளிம்பு பின்னால் வரும்படி இழுக்க வேண்டும். முன்னோக்கித் தள்ளினால் தோல் வெட்டுப்படும். அழுத்தினால் தோல் அமுங்கி விளிம்பைச் சுற்றி எழும்பும், கூர் உருண்டுபோகும். பக்கத்துக்குப் பத்து இழுப்பு போதும்.

10. சோதித்துப் பார்த்தல்

கத்தியை மெல்லிய தாளில், அடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பாக ஓட்டுங்கள். எங்காவது மாட்டினால் அந்த இடத்தை மார்க்கரால் குறித்து விளக்கில் பாருங்கள். வெள்ளைக்கோடு தெரிந்தால் அங்கே விளிம்பை எட்டவில்லை. கோடு இல்லாமல் மாட்டினால் பிசிறு மிச்சம்.

உளியை மென்மரத்தின் முனைப் பரப்பில், இழைகளுக்குக் குறுக்காகச் சீவிப் பாருங்கள். வெட்டிய பரப்பு நொறுங்காமல் பளிச்சென்று இருக்க வேண்டும். மென்மரம்தான் கடுமையான சோதனை: கூர் குறைந்தால் அதன் இழைகள் வெட்டுப்படாமல் நசுங்கிப் பிய்யும். பரப்பில் ஒரு வெண்கோடு ஓடினால் விளிம்பில் அந்த இடத்தில் ஒரு நுண்ணிய பல் இருக்கிறது.

11. கல்லைக் கழுவி வைத்தல், சில எச்சரிக்கைகள்

முடிந்ததும் தண்ணீரில் நைலான் தூரிகையால் தேய்த்துக் கழுவி, துடைத்து, ஓரமாக நிறுத்திக் காயவிடுங்கள். ஈரத்தோடு பெட்டியில் போட்டால் முலாம் மெலிந்த இடங்களிலும் ஓரங்களிலும் துரு கிளம்பும். தூள் அடைத்து மங்கிய கல்லைச் சாதாரணப் பென்சில் அழிப்பானால் தேய்த்தாலே பெரும்பாலும் தெளிந்துவிடும். அலுமினியம், பித்தளை போன்ற மென்மையான உலோகங்களை இதில் உரசாதீர்கள், அவை துகள்களுக்கிடையே அப்பிக்கொள்ளும்.

நீர்க்கல்லைச் சமன்படுத்த வைரத் தகட்டைப் பயன்படுத்துவது உண்டு. செய்யலாம், ஆனால் சொரசொரப்பான தகட்டில் மட்டும், நிறையத் தண்ணீரோடு. நீர்க்கல் விடும் சேறு நிக்கலை அரித்து வைரத்தை உதிர்க்கும். இதற்கென்றே பழைய தகடு ஒன்றை ஒதுக்கி வைப்பது என் வழக்கம்.

எஃகுக் கருவிக்காக வைரச் சக்கரத்தை அதிவேக மின்சாணையில் மாட்டவும் வேண்டாம். வைரம் கார்பன்; உயர் வெப்பத்தில் இரும்பு அதைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும், சக்கரம் விரைவில் தேயும். கையால் தீட்டும்போது அந்த அளவு சூடு எழுவதில்லை.

வேலையின் நடுவே கருவி லேசாக மழுங்கினால் வாரில் பத்து இழுப்பு. அது போதாதபோது மென்கல்லில் ஐந்தாறு ஓட்டம், மறுபடி வார். வெள்ளைக்கோடு தெரியும்வரை காத்திருக்காமல் இப்படிச் செய்துவந்தால் சொரசொரப்புக் கல் மாதக்கணக்கில் பெட்டியிலேயே கிடக்கும்.